இலையுதிர் காலப் பறவை நோக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசந்தத்தில் பழகிய கண்ணோடும் காதோடும் இலையுதிர் காலத்தில் பறவை பார்க்கப் போனால் பாதிக்குமேல் கோட்டை விடுவோம். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் நிறம். குஞ்சு பொரித்து முடித்த பறவைகள் இறகு உதிர்த்து மாற்றும் பருவம் இது. மல்லார்ட் வாத்தில் ஆண், கோடை முடியும்போது பெட்டையைப் போலவே பழுப்பாகிவிடும். குளத்தில் ஆணே இல்லை என்று குறிப்பெழுதிவிட்டு வருபவர்கள் உண்டு. அலகைப் பாருங்கள்: ஆணுக்கு அது மங்கிய மஞ்சளாக, ஒரே நிறத்தில் இருக்கும், பெட்டைக்கு ஆரஞ்சில் கருந்திட்டு படர்ந்திருக்கும். பளிச்சென்ற கதிர்க்குருவிகள் சிலவும் சாயம் போனதுபோல் பச்சையும் பழுப்புமாகத் திரியும். போதாக்குறைக்கு அந்த ஆண்டுக் குஞ்சுகள் வேறு. அதனால் உருவம், அலகு, கால், இறக்கைப் பட்டை, வாலாட்டும் விதம் எல்லாவற்றையும் பார்த்தபிறகே நிறத்துக்கு வாருங்கள்.

பாட்டை எதிர்பார்த்து நிற்பதும் வீண். பெரும்பாலானவை இப்போது பாடுவதில்லை. ‘சிக்’, ‘ட்சீ’ என்று ஒற்றைக் குரல் கொடுப்பதோடு சரி. பட்டாணிக்குருவிகளின் சலசலப்பு கேட்டால் அங்கேயே பத்து நிமிடம் நில்லுங்கள். அந்தக் கூட்டத்தோடு வலசைக் குருவிகளும் சேர்ந்து மேயும். செல்பேசிச் செயலி குரலை வைத்துச் சொல்லும் பெயர் ஒரு துப்பு மட்டுமே. கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

நேரக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். வட அரைக்கோளத்தில் நீரோரம் மேயும் உள்ளான் வகைகள் ஜூலையிலேயே தெற்கே கிளம்பிவிடும். பலவற்றில் வளர்ந்த பறவைகள் முன்னால் போக, குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகவே வழி பார்த்துப் போகும். அக்டோபர் வரட்டும் என்று காத்திருந்தால் முதல் அலை போயே போய்விடும். சிறு குருவிகள் பெரும்பாலும் இரவில் பறந்து விடியலில் பசியோடு இறங்குவதால் அவற்றுக்கு அதிகாலை சரி. கழுகுகளும் பருந்துகளும் தரை சூடாகி வெப்பக்காற்று எழும்வரை காத்திருக்கும். ஒன்பது மணிக்கே மூட்டை கட்டுபவர்களுக்கு அவை கிடைக்காது. குளிர்காற்று வீசி வானம் தெளிந்த மறுநாளைத் தவறவிடாதீர்கள்.

தோட்டத்தில் பறவைகளுக்கு வைக்கும் தீவனத் தட்டை எடுக்காவிட்டால் பறவை வலசை போகாது என்பது வெறும் நம்பிக்கை. பகல் குறைவதுதான் அவற்றைக் கிளப்பிவிடுகிறது. உண்மையான ஆபத்து அழுக்குத் தட்டு. ஈர விதையும் எச்சமும் கலந்தால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி பரவும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். உப்பிப்போய் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்தால் தட்டையே சில வாரம் எடுத்துவிடுங்கள். தட்டு ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால், பறவை வேகம் எடுக்குமுன் கண்ணாடியைத் தொடுவதால் பலத்த அடி படாது. சில மீட்டர் தள்ளி வைப்பதுதான் ஆபத்து. கண்ணாடியில் ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை. வெளிப்பக்கம் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக நெருக்கி ஒட்ட வேண்டும். காய்ந்த சூரியகாந்தித் தலையையும் சருகையும் சுத்தம் செய்கிறேன் என்று வாரிவிடாதீர்கள். விதையும் புழுவும் அங்கேதான்.

பைனாகுலரில் 10 மடங்கு வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். கை நடுக்கமும் பத்து மடங்காகும். 8x42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. முகப்பு லென்ஸ்) போதும். அதில் வலது கண்ணுக்கெனத் தனியாகத் தெளிவைச் சரிசெய்யும் டயாப்டர் வளையத்தைத் தொடாமலே ஆண்டுக்கணக்கில் மங்கலாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வலது லென்ஸை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்புங்கள்.

வயல்வெளியிலும் கடலோரத்திலும் கூட்டத்தை நெருங்குவது பெரிய தவறு. நெடும்பயணத்துக்காகக் கொழுப்பு சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் நட்டம். மேய்ந்துகொண்டிருந்தவை தலை தூக்கிப் பார்த்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். மறுபடி குனியாவிட்டால் பின்வாங்குங்கள்.