ட்ரோம்சோ தாவரவியல் பூங்கா: முதல்முறை போகிறவர்களுக்கு

நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிச் சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது ட்ரோம்சோ. உலகத்தின் வடகோடித் தாவரவியல் பூங்கா என்று பெயர் வாங்கிய ஆர்க்டிக்-ஆல்பைன் தோட்டம், அதாவது துருவப் பகுதிச் செடிகளும் உயர்மலைச் செடிகளும் உள்ள தோட்டம், அங்கேதான். 1994-ல் திறந்தார்கள். பல்கலைக்கழக அருங்காட்சியகம் பராமரிக்கிறது. டிக்கெட் கிடையாது, பூட்டும் கேட்டும் கிடையாது.

அதனாலேயே பலர் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கல்லும் புல்லுமா இருக்கு" என்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி கணுக்கால் உயரத்தைத் தாண்டாது. குனியத் தயாராகப் போனால் ஒரு முழு மாலைப்பொழுது போதாது.

1. முதலில் மாதம், அப்புறம் டிக்கெட்

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்த தேதியில் போகாதீர்கள். மே நடுவில்கூடத் தோட்டம் பனிக்கடியில் இருக்கலாம். 1997 ஏப்ரல் கடைசியில் ஊரின் வானிலை நிலையத்தில் அளந்த பனி 240 சென்டிமீட்டர். ஓர் ஆள் முழுசாகப் புதைந்துபோகும் ஆழம்.

பனி விலகியதும் முதலில் பூப்பது ஊதா நிறச் சாக்ஸிஃப்ரேஜ். ஜூனில் பிரிமுலாக்களும் குட்டை ரோடோடென்ட்ரான்களும். ஜூலையில் நீலப் பாப்பி. செப்டம்பரில் ஜென்ஷியன் பூக்கள், கூடவே பழுக்கிற இலைகளின் நிறம். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் என் ஓட்டு ஜூலை முதல் பாதிக்கு. காரணத்தை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அங்கே சூரியனே எழாது. இரவு வானத்தில் வண்ணமாய் ஆடும் வடக்கு ஒளி (அரோரா) பார்க்கப் போகிற அந்த நாட்களில் தோட்டத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. போய்ச் சேருவது

ஒஸ்லோவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது சுலபம்: அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள். ட்ரோம்சோ நகர மையத்திலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். சில கிலோமீட்டர்தான், நடக்கப் பிடித்தவர்கள் நடந்தே போகலாம்.

3. உடுப்பு

ஜூலையின் சராசரி வெப்பநிலை சுமார் 12 டிகிரி. மழை எப்போது வேண்டுமானாலும் வரும். நீர் புகாத ஜாக்கெட், பிடிமானமுள்ள ஷூ இரண்டும் கட்டாயம். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருட்டிப் பையில் போடுங்கள். மண்டி போட்டுப் பார்க்கும்போது முட்டி நனையாது.

4. ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து உட்காருங்கள்

பாத்திகளில் சில ஊர்வாரியாக இருக்கும்: இமயமலை, தென் அமெரிக்கா, தென்னாப்பிரிக்க மலைகள் என்று. சில குடும்பவாரியாக: பிரிமுலா வகை, சாக்ஸிஃப்ரேஜ் வகை. பெயர்ப்பலகைகளில் லத்தீன் பெயர் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க முயன்றால் அலுத்துவிடும்.

அதற்குப் பதிலாகப் பாறைகளுக்கு நடுவே பச்சையாக, உருண்டையாக ஒட்டிக்கிடக்கும் ஒரு செடியைத் தேடுங்கள். சைலீன் அகாலிஸ் கிடைத்தால் நல்லது. தூரத்திலிருந்து பாசி மாதிரி தெரியும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஊசி ஊசியான இலைகள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்பது தெரியும். மேலே சட்டைப் பொத்தானைவிடச் சின்ன இளஞ்சிவப்புப் பூக்கள். இப்படி ஒடுங்கிக் கிடப்பதால் காற்று உள்ளே நுழைய முடியாது. வெயில் அடிக்கும் நாளில் அந்த மெத்தைக்குள் வெளிக்காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். பூ பெரும்பாலும் தெற்குப் பக்கத்தில்தான் முதலில் விரியும். அதனால் திசைகாட்டிச் செடி என்றும் இதற்குப் பெயர் உண்டு.

ஒரு தட்டு அகலத்துக்கு வளரவே பல பத்தாண்டுகள் பிடிக்கும் செடி இது. பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், போட்டோவுக்காகக்கூட.

அடுத்து நீலப் பாப்பி. இமயமலைக்காரி. வெயில் ஏறும் ஊர்களில் வளர்க்கப் படாதபாடு படுவார்கள். இங்கே சும்மா தழைக்கிறது. குளிர்ந்த, ஈரமான கோடைதான் இதற்குத் தேவை. குளிர்காலமும் நாம் நினைக்கிற அளவு கொடூரமில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி ஓடுவதால் ஜனவரி சராசரியே மைனஸ் 4 டிகிரி வாக்கில்தான். மேலே எத்தனை குளிர் இருந்தாலும், கனமான பனிக்கு அடியில் மண் சுழியத்தை ஒட்டியே நிற்கும். மலைச்செடிக்குப் பனி எதிரியில்லை, கம்பளி. பனி உருகுவதும் திரும்ப உறைவதுமாக இருக்கும் இளஞ்சூட்டுக் குளிர்காலம்தான் அதைக் கொல்லும்.

5. ராத்திரி திரும்பப் போங்கள்

மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வரை இங்கே சூரியன் மறைவதில்லை. தோட்டத்துக்குப் பூட்டு இல்லை என்று சொன்னேனே, அதன் பலன் இப்போதுதான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் இரவு பதினொன்றுக்கு மேல் போங்கள். கூட்டம் இருக்காது. சூரியன் வடக்கே தாழ்ந்து நிற்கும், வெளிச்சம் பக்கவாட்டில் விழும். இதழின் நரம்பு வரை தெரிகிற படங்கள் அப்போதுதான் கிடைக்கும்.

ஆர்க்டிக் பாப்பி கண்ணில் பட்டால் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். கிண்ணம் போன்ற அந்தப் பூ சூரியன் போகிற பக்கமெல்லாம் திரும்பும். கிண்ணத்துக்குள் வெயில் குவிந்து சூடேறுவதால் பூச்சிகள் அங்கே வந்து குளிர்காயும்; பூவுக்கு மகரந்த வேலை நடக்கும். மதியம் தெற்கே பார்த்த பூ நள்ளிரவில் வடக்கே பார்த்து நிற்கும்.

6. ஒன்றைத் தொடாதீர்கள்

இது தோட்டத்துக்கு வெளியே, சாலையோரமெல்லாம் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, அகலமான இலையும் குடை விரித்ததுபோல் வெள்ளைப் பூங்கொத்துமாக நிற்கும். உள்ளூரில் ட்ரோம்சோ பனை என்பார்கள். பனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1830-களில் அழகுக்காக வடக்கு நார்வேக்குக் கொண்டுவரப்பட்டுப் பிறகு கட்டுப்பாடில்லாமல் பரவிய செடி. போட்டோவுக்கு அம்சமாக இருக்கும், அதுதான் வம்பு. சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம்போலக் கொப்புளம் கிளம்பும். தண்டு உள்ளே குழலாக இருப்பதால் பிள்ளைகள் ஊதுகுழல் செய்யப் பறிக்கப் பார்ப்பார்கள்; கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சூரியன் மறையாத ஊர் என்பதால் இருட்டட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. இரண்டு நாளைக்கு முழுக்கைச் சட்டையால் அந்த இடத்தை மூடியே வையுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.