பழைய பயணிக் கப்பலை மாடலாகச் செய்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கிட் வாங்காமல், அட்டையையும் பிளைவுட்டையும் வெட்டி டைட்டானிக் செய்யலாம் என்று உட்காருபவர்கள் கத்தியை எடுக்கும் முன்பே, அளவைத் தேர்வதில், முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள். அசல் கப்பல் 269 மீட்டர். 1:200 அளவில், அதாவது அசலில் இருநூறில் ஒரு பங்காகச் செய்தால், அது ஏறக்குறைய 134.5 செ.மீ. வரும், சென்னை ஃபிளாட்டில் அதை எங்கே வைப்பது, வீடு மாறினால் எப்படித் தூக்குவது? 1:350 என்றால் 77 செ.மீ.தான், அலமாரியில் அடங்கிவிடும்.

அடுத்தது படங்கள். டைட்டானிக் என்று சுற்றும் பழைய போட்டோக்களில் நிறைய அதே வடிவில் முன்னதாகக் கட்டப்பட்ட அக்கா கப்பல் ஒலிம்பிக்கினுடையவை. பயணிகள் உலாவும் ஏ டெக் என்ற மேல்தளத்தின் முன்பாதி கண்ணாடி வைத்து மூடியிருந்தால் டைட்டானிக், முழுக்கத் திறந்திருந்தால் ஒலிம்பிக். நம் ஊர்க்காரர்களை மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிப்போன ரஜூலாவைச் செய்ய ஆசையா? அது 1926-ல் கட்டப்பட்டு 1970-கள் வரை ஓடிய கப்பல். எந்த வருஷத்து ரஜூலா என்று முதலில் முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் முன்பக்கம் ஒரு காலமும் பின்பக்கம் இன்னொரு காலமுமாக நிற்கும்.

என்னைக் கேட்டால் மாடலைப் பொம்மையாக்குவது தடிமன்தான். கைப்பிடிக் கம்பிக்கு அரை மில்லிமீட்டர் ஒயர் மெல்லியது என்று தோன்றும், ஆனால் 1:200-ல் கணக்குப் போட்டால் அது 10 செ.மீ. குழாய், பயணி கையால் பிடிக்கவே முடியாது! ரிச்சி தெருவில் கிடைக்கும் மெல்லிய செம்புக் கம்பியே போதும். உடல் தகடும் அப்படித்தான்: ஒரு அங்குல இரும்பு இந்த அளவில் 0.13 மி.மீ. கூட இல்லை, அதற்கு அட்டை வேண்டாம், ஆண்டர்சன் தெருவில் வாங்கும் நல்ல காகிதமே சரி. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளா? விட்டுவிடுங்கள்.

டெக்கை ஸ்கேல் வைத்து நேராக வெட்டாதீர்கள், இரு முனைகளிலும் லேசாக மேலே வளையும். புகைபோக்கிக்கு பிவிசி குழாயும் ஆகாது, டைட்டானிக்கினுடையது வட்டமல்ல, நீள்வட்டம், பின்னோக்கிச் சாய்ந்தும் இருக்கும்.

அப்புறம் நம்ம ஊர் ஈரக்காற்று. மரத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் சீலர் (ஈரம் புகாமல் தடுக்கும் பூச்சு) அடித்தால் உள்பக்கம் ஈரத்தை இழுத்து உடல் முறுக்கிக்கொள்ளும், அதனால் மேல் டெக்கை ஒட்டுவதற்கு முன்பே உள்ளேயும் அடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லேக்கர் ஸ்ப்ரே வெளுத்துப்போகும், வெயில் வரும்வரை காத்திருங்கள். ஜன்னல் பிளாஸ்டிக்கை சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் படியும், ஃபெவிகால் போதும்.