சிறு ரத்தக்குழாய்க்கான கரையும் கிராஃப்ட்: முதல் நாள் வலிமையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, கிராஃப்ட் (பழுதான ரத்தக்குழாய்க்குப் பதிலாக வைக்கும் செயற்கைக் குழாய்) எவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கும் என்று பார்க்கும் வெடிப்பழுத்தச் சோதனையை முடித்துவிட்டு ஓடி வந்தாள். "சார், 2500 மில்லிமீட்டர் பாதரசம் தாங்குது!" எட்டு வருடங்களுக்கு முன் நானும் இதே மாதிரி ஓடியவன்தான். இந்த வேலையில் வழக்கமாகச் செய்யும் தவறுகள் என்று அவளிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். குழாய் செய்யும் கரையும் பாலிமரான பாலிகேப்ரோலாக்டோனை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) வைத்தால் உருகிவிடும் என்பதை எல்லாம் முதல் வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடலாம்.

வலுவான குழாய்தான் நல்ல குழாய் என்று நினைப்பது

விட்டம் 6 மி.மீ.க்குக் கீழே போனால் டேக்ரான், டெஃப்லான் வகைக் கரையாத பிளாஸ்டிக் குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. ஒன்று ரத்தம் உறைகிறது, இல்லை தையல் போட்ட இடத்தில் திசு தடிக்கிறது. அதனால்தான் கரையும் குழாயைத் தேடுகிறோம். அது கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் மாதிரி. சுவர் எழும்வரை நின்றால் போதும், ஆனால் கொத்தனார், அதாவது உடலின் செல்கள், உள்ளே வர வழி இருக்க வேண்டும்.

நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். எலக்ட்ரோஸ்பின்னிங்கில் (மின்புலத்தால் பாலிமரை மெல்லிய இழையாக இழுக்கும் முறையில்) அரை மைக்ரான் இழையை நெருக்கமாகச் சுற்றினேன். பைபாஸுக்குக் காலிலிருந்து எடுக்கும் சிரை ஏறக்குறைய 1600 தாங்கும்; என் குழாய் அதைச் சுலபமாகத் தாண்டியது. எலிகளின் வயிற்றுப் பெருந்தமனியில் வைத்தோம். மூன்று மாதம் கழித்து வெட்டிப் பார்த்தால் ரத்தம் ஓடுகிறது, சுவருக்குள் மட்டும் செல்லே இல்லை. எல்லாம் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. இழை மெலிந்தால் துளையும் சிறுத்துவிடும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஒன்றரை வருட உழைப்பு போனதைவிட, அத்தனை உயிர்களை ஒரு தவறான எண்ணை நம்பிச் செலவழித்தேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

சீனாவின் நான்காய் (Nankai) பல்கலைக்கழகக் குழு 2014இல் இதைத் தெளிவாகக் காட்டியது: 5, 6 மைக்ரான் தடிமனுள்ள இழை, 30 மைக்ரான் அளவுக்குத் துளை இருந்தால் செல்கள் உள்ளே இறங்குகின்றன. துளை பெரிதானால் ரத்தம் கசியுமே என்று கேட்பீர்கள். கசியும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2012இலேயே அதற்கு வழி கண்டிருந்தது. உள்ளே சீக்கிரம் கரையும், துளை நிறைந்த பாலிகிளிசரால் செபகேட் என்ற இன்னொரு பாலிமர். அதன்மேல் மெல்லிய பாலிகேப்ரோலாக்டோன் உறை. வலுவை அந்த உறை பார்த்துக்கொள்ளும். ஆகவே வெடிப்பழுத்தத்தை அளப்பதற்கு முன் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள்.

எலியில் ஓடியது மனிதரிலும் ஓடும் என்று நம்புவது

எலிக்கு வைப்பது 1 செ.மீ. துண்டு. இரண்டு முனையிலிருந்தும் எண்டோதீலியம் (ரத்தக்குழாயின் உட்பக்கத்தைப் போர்த்தும் செல் அடுக்கு) ஊர்ந்து வந்து மூடிவிடும். மனிதரில் அது ஓரத்திலிருந்து ஓரிரு செ.மீ.யோடு நின்றுவிடுகிறது. நடுப்பகுதி மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கும், ரத்தக்கட்டு அங்கேதான் உண்டாகும்.

கரையும் வேகத்தை உப்புக் கரைசலில் மட்டும் அளப்பது

அதில் மேக்ரோஃபேஜ் கிடையாது. உடலுக்குள் குழாயை அரித்துக் கரைப்பதில் இந்த நோயெதிர்ப்புச் செல்களுக்கும் பங்கு உண்டு.

கரைப்பான் போய்விட்டது என்று ஊகிப்பது

இழை நூற்கப் பாலிமரைக் கரைத்த திரவம் குழாயில் மிஞ்சியிருக்கலாம்; வாடை இல்லை என்று மூக்கை நம்பாதீர்கள். வெற்றிடத்தில் உலர்த்தி, மிச்சத்தை அளந்து பாருங்கள்.

மூன்றாவது மாதத்திலேயே ஆய்வை முடிப்பது

ஜெனீவா குழு பாலிகேப்ரோலாக்டோன் குழாய்களை எலிகளில் 18 மாதம் விட்டுப் பார்த்தது. குழாய் அடைக்கவில்லை, வீங்கவும் இல்லை. ஆனால் சுண்ணாம்பு படிந்திருந்தது, தொடக்கத்தில் வந்த செல்கள் பிற்பாடு குறைந்திருந்தன. மூன்றாம் மாதத்தில் எடுத்த குழாயில் இதைப் பார்த்திருக்க முடியாது.