எஃபிக் மொழியை அதன் உறவுகளோடு சேர்த்துப் படிப்பது எப்படி

நான் மார்த்தாண்டத்துக்காரன். நைஜீரியாவின் கலபார் நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எஃபிக் அந்த ஊர் மொழி. அதைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அதன் உறவு மொழிகளையும் ஒரே பக்கத்தில் எழுதிப் படித்தால் சொல் மனத்தில் நிற்கும், அந்த உறவு எங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

அகலமான கணக்கு நோட்டு ஒன்றில் ஆறு பத்தி போடுங்கள்: எஃபிக், இபிபியோ, இக்போ, யொருபா, சுவாகிலி, ஹவுசா. இபிபியோ எஃபிக்குக்கு மிக நெருக்கம். முதல் ஐந்தும் நைஜர்-காங்கோ என்னும் பெரிய குடும்பம். ஹவுசா அரபியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி கெட்டுப்போகாமல் பார்க்க வேண்டும். 'கம்பு' என்பதில் வரும் மெல்லிய ப ஒலிக்கு அடிக்கோடு போடுங்கள். அப்புறம் தொனி, அதாவது குரலை ஏற்றியோ இறக்கியோ சொல்வது. தொனி மாறினால் எஃபிக்கில் பொருளே மாறும்; 'அக்பா' ஒரு தொனியில் ஓடுகிற ஆறு, இன்னொரு தொனியில் முதலாவது. அதனால் சொல்பவரின் குரலைப் போனில் பதிவு செய்துகொள்வது கட்டாயம்.

இனி எண்கள். கியெட், இபா, இட்டா, இனாங், இட்டியோன்: ஒன்று முதல் ஐந்து வரை. ஆறு இட்டியோகியெட், ஏழு இட்டியாபா, எட்டு இட்டியாயிட்டா. ஐந்தோடு ஒன்று, ஐந்தோடு இரண்டு, ஐந்தோடு மூன்று என்று சேர்த்திருப்பது கேட்டவுடனே புரியும். ஒன்பது உசுக்கியெட், பத்து டுவோப். பதினைந்துக்கு எஃபுட் என்று தனிச்சொல், இருபதுக்கு எடிப். நாற்பது 'அபா', அறுபது 'அட்டா'. இரண்டும் மூன்றும் அங்கே இருபது இருபதாக எண்ணப்படுகின்றன. கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்கு இதைவிட அழகான பாடம் கிடைக்காது. ஆனால் ஒப்பிடுவதற்கு ஆறு முதல் ஒன்பது வரை சேர்க்காதீர்கள். கூட்டிச் செய்த சொற்கள் உறவைக் காட்டுவதில்லை.

இப்போது மூன்று என்ற வரியை எழுதுங்கள். எஃபிக் இட்டா, இபிபியோ இட்டா, இக்போ அட்டோ, யொருபா எட்டா, சுவாகிலி டாட்டு, ஹவுசா உக்கு. இந்த ஒரு வரியைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். இரண்டு என்ற வரியில் எஃபிக் இபா, ஹவுசா பியு; ப ஒலி அங்கும் இருக்கிறது. அதற்காக ஹவுசாவை உறவுக்குள் சேர்த்துவிட முடியாது. ஒரு சொல் ஒத்திருப்பது போதாது, ஒரே ஒலிமாற்றம் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் நின்று கேளுங்கள். தமிழில் ஒன்று, மூன்று, இன்று, கன்று. மலையாளத்தில் ஒன்னு, மூன்னு, இன்னு, கன்னு. 'ன்று' வரும் இடத்தில் 'ன்னு' வருகிறது, வரிசையாக. இதே கண்ணோடு நோட்டைப் பாருங்கள். நான்கு: எஃபிக் இனாங், இக்போ அனோ, சுவாகிலி ந்னே, யொருபா எரின். விலங்கு அல்லது இறைச்சி: எஃபிக் உனாம், இக்போ அனு, சுவாகிலி ஞாமா, யொருபா எரான். மற்றவற்றில் ன, ஞ போன்ற மூக்கொலி வரும் இடத்தில் யொருபாவில் ர வருகிறது, இரண்டு வரியிலும். சிவப்பு மையில் வட்டம் போட வேண்டியது இந்த மாதிரி இடத்தைத்தான். ஒத்துவராத வரியையும் அழிக்காதீர்கள். ஐந்துக்கு இக்போவில் 'இசே', எஃபிக்கில் இட்டியோன். அது அப்படியே இருக்கட்டும்.

எண்களுக்குப் பிறகு உடல், இயற்கை: தலை இபுவோட், காது உட்டோங், தண்ணீர் ம்மோங், மரம் எட்டோ, கல் இட்டியாட். கடைச்சாமான்களின் பெயர்கள் முதல் பட்டியலில் வேண்டாம். நம் ஜன்னலும் சாவியும் போர்ச்சுக்கீசியரோடு வந்தவை. கலபாரும் பழைய துறைமுகம், அங்கும் சரக்கோடு சொல்லும் இறங்கும்.

ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நம் கடற்கரைப் பிள்ளைகள் பலர் கப்பலில் போகிறார்கள். கலபார்க்காரர் யாராவது உடன் இருந்தால் பேசச் சொல்லுங்கள். பெரியவரானால் 'எட்டே' என்று கூப்பிட்டு, 'மோக்கோம்' என்று வணங்கி, முடிவில் 'சோசோங்கோ' என்று நன்றி சொல்ல வேண்டும். விரலை நீட்டி "இது என்ன" என்று கேட்டால் குழப்பம்தான் வரும். நாம் 'கை' என்றால் தோள் முதல் விரல் வரை எல்லாம் அடங்கும். எந்தப் பகுதி என்று தொட்டுக்காட்டிக் கேளுங்கள், ஒரு வாக்கியத்தில் வைத்தும் சொல்லச் சொல்லுங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் வேதாகமம் இருக்கிறது. எஃபிக்கில் முழு வேதாகமம் 1868லேயே வந்துவிட்டது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் தமிழ்ப் பதிப்போடு வசன எண்ணை ஒத்துப் பார்த்தால் தண்ணீர், மரம், பறவை எல்லாம் அந்த ஒரே அதிகாரத்தில் கிடைக்கும். ஒரு சொல்லை நோட்டில் ஏற்றுமுன் குறைந்தது இரண்டு வசனத்திலாவது அதைப் பாருங்கள்.