கொங்குப் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் புதுவீட்டைச் சுற்றிப் போட்ட தோட்டங்கள் பல, இரண்டாவது கோடையைத் தாண்டுவதில்லை. செடி சரியில்லை, நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிவிட்டு அடுத்த லோடு செடி இறக்குவார்கள். பெரும்பாலும் தவறு திட்டத்திலேயே இருக்கும். கேரளத்து வீட்டையோ ஊட்டி பங்களாவையோ மனதில் வைத்துப் போட்ட திட்டம் அது. நம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. கோவை நகரிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். பொள்ளாச்சி, ஆனைமலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் கைகொடுக்கும். மற்றவர்கள் தண்ணீர், காற்று, மண் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பூவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வீட்டு வேலை முடிகிற நாளை வைத்துச் செடி நடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. சித்திரையிலோ வைகாசியிலோ புதுமனை புகுவிழா வரும். வருகிறவர்கள் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியட்டும் என்று அவசரமாக நட்டுவிடுவார்கள். வேர் பிடிப்பதற்குள் ஆனி, ஆடிக் காற்று வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அது இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வேகத்துக்கு இளம் வேர் ஈடுகொடுக்காது. விழாவுக்குத் தொட்டிச் செடிகளை வைத்து அழகு பார்த்துக்கொள்ளலாம். குழியை முன்னாலேயே எடுத்து ஆறப்போட்டுவிட்டு, மரக்கன்றுகளைப் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வேர் ஓடுவதற்குக் கிடைக்கும்.

காற்றைத் தடுக்க மேற்கில் உயரமான சுவர் எழுப்புவதும் முழுப் பலன் தராது. சுவரைத் தாண்டிய காற்று உள்ளே சுழன்று இறங்கும். காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கிற செடி வரிசைதான் நல்லது. புங்கன் அதற்கு அருமையான மரம். மாலை வெயிலையும் தாங்கி நிழல் தரும். குல்மொஹர் பூத்தால் அழகுதான், ஆனால் கிளை சட்டென்று முறியும். கார் நிறுத்துகிற இடத்தின் மேல் அது வேண்டாம்.

இனி மண். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. மனையைச் சமப்படுத்த ஜேசிபி வந்த அன்றே மேல்மண் போய்விடுகிறது. அந்த முதல் அரை அடி, முக்கால் அடி மண்ணில்தான் உயிர் இருக்கிறது. அதைத் தனியாக ஒரு மூலையில் குவித்து வைக்கச் சொல்லுங்கள், பிற்பாடு உதவும். மனையில் ஏற்கெனவே நிற்கிற வேம்பையும் அதே ஜேசிபியால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பல ஆயிரம் ரூபாய்க்கு அலங்காரப் பனை வாங்கி நடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. அப்படியொரு நிழலை உண்டாக்க எத்தனை வருடம் ஆகும்!

கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்ட், கலவை, உடைந்த செங்கல் எல்லாம் சுவரோரத்தில் புதைந்து கிடக்கும். அதன் மேல் ஒரு லோடு செம்மண்ணைப் பரப்பி மூடிவிட்டால் தோட்டம் தயார் என்று நினைக்கிறோம். நம் பகுதியில் பல இடங்களில் மண்ணே சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. கொஞ்சம் தோண்டினால் சுக்கான் கல் வரும். அதோடு சிமெண்டும் சேர்ந்தால் காரத்தன்மை கூடி, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதுதான் காரணமாக இருக்கும். யூரியா போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. செடி வைக்கிற இடத்தில் இரண்டு அடி ஆழத்துக்குக் கட்டடக் கழிவை எடுத்துவிட்டுத் தொழு உரம், இலைமக்கு கலந்த மண்ணை நிரப்புங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் குழியில் செம்மண் மட்டும் கொட்டக் கூடாது. சுற்றியிருக்கிற களி தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ள, மழைக்காலத்தில் வேர் அழுகும். தோண்டிய மண்ணையே எருவோடு கலந்து போடுவது மேல். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் மலிவாகக் கிடைக்கிற தென்னை நார்க்கழிவை அப்படியே கொட்டாதீர்கள், அதில் உப்பு இருக்கும். நன்றாகக் கழுவி மக்கவைத்ததை மட்டும் வாங்குங்கள். செலவு செய்வதற்கு முன் மண்ணையும் போர் தண்ணீரையும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுத்துப் பார்த்துவிடலாம்.

தண்ணீரைச் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடிக்க நல்ல தண்ணீர் வந்தாலும் செடிக்குப் போவது பெரும்பாலும் போரிலிருந்து வரும் உப்புத் தண்ணீர்தான். ரோஜாவும் எலுமிச்சையும் உப்பைத் தாங்காது. காகிதப்பூ, சப்போட்டா, புங்கன் ஓரளவு தாங்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதை வீணாக்க மனமில்லாமல் தினமும் ஒரே செடிக்கு ஊற்றினால் செடி போய்விடும்.

புல்தரை வேண்டுமென்றால் முதலில் கணக்கு போடுங்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டுக்கு 150 முதல் 200 லிட்டர். ஐந்து சென்ட்டில் புல் போட்டுவிட்டுக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்? குழந்தைகள் உட்காரும் அளவுக்கு, நிழல் விழும் பக்கத்தில் ஒரு சிறு திட்டு போதும்.

புல்லுக்குப் பதிலாக வாசல் முதல் பொடக்காணி (கொல்லைப்புறம்) வரை பேவர் பிளாக் பதிப்பதும் சரியல்ல. 600 மி.மீ. மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் விழுவது சுமார் 24,000 லிட்டர். அதை இறங்கவிடாமல் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, போர் வற்றிவிட்டது என்று வருந்துகிறோம். இரவு வரை சூடு தணியாத முற்றம் வேறு. வண்டி போகிற பாதைக்கு மட்டும் பதித்தால் போதும்.

வேலிக்கு வந்தால், சீக்கிரம் வளர்கிறது என்று வரிசையாகக் கோனோகார்பஸ் நட்டவர்கள் நிறையப் பேர். அதன் வேர் குழாய்க்குள் புகும், மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்ற புகார்கள் வந்தபின் குஜராத் 2023-இல் தடை விதித்தது; தமிழ்நாடு அரசும் 2025-இல் தடை செய்தது. நம்மிடமே வேலி இருக்கிறது. காங்கேயம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கிற கிளுவையைப் பாருங்கள். போத்து (கிளைத் துண்டு) வெட்டி மழைக்காலத்தில் நட்டால் துளிர்க்கும். தண்ணீர் கேட்காது. கத்தரித்துவிட்டால் நகரத்து வீட்டுக்கும் பொருந்தும். முள் இருப்பதால் குழந்தைகள் ஓடுகிற நடைபாதை ஓரத்தில் மட்டும் வேண்டாம்.

பெரிய மரங்களைச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி வையுங்கள். கரிசல் மண்ணில் இன்னும் தள்ளி. அந்த மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும்; அஸ்திவாரத்தடியில் மரம் ஈரத்தை இழுத்தால் சுவர் விரிசல் விடும். மனை சிறிதென்றால் பவழமல்லி, மந்தாரை, மாதுளை, கறிவேப்பிலை என்று அளவோடு நிற்பவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் சிறுபிள்ளைகளோ ஆடு மாடோ இருந்தால் அரளியும் மஞ்சள் அரளியும் கைக்கெட்டும் இடத்தில் கூடாது. இரண்டுமே கடும் விஷம்.

கடைசியாகத் தண்ணீர் விடும் முறை. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும், இரண்டு நாள் ஊருக்குப் போனால் செடி வாடும். வேர் பிடித்த கன்றுக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விட்டு, தூரைச் சுற்றிச் சருகோ காய்ந்த தென்னை மட்டையோ மூடாக்காகப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் தள்ளியிருக்கட்டும். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும், கரையானும் ஏறும்.