ஆட்டோகிளேவ் துணி மூட்டையின் நடுவரை நீராவி போகிறதா? போவி டிக் டெஸ்ட் போடும் முறை

கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் துணிகளையும் கருவிகளையும் ஸ்டெரிலைஸ் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள், ஆட்டோகிளேவ் என்ற, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் மெஷினின் மீட்டரில் 134 டிகிரி வந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். மீட்டர் காட்டுவது அறையின் சூட்டை. துணி மூட்டையின் நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் குக்கர் வைக்கும்போது ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? உள்ளே இருக்கும் காற்று போகட்டும் என்றுதான். இங்கேயும் அதே சங்கதி. துணிக்குள் காற்று தங்கினால் நீராவி அந்த இடத்தைத் தொடாது, அங்கே இருக்கும் கிருமியும் சாகாது. அதனால் வேக்கம் பம்ப் காற்றை உறிஞ்சும், நீராவி நுழையும், மறுபடி உறிஞ்சும். இது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் சோதனையை உருவாக்கியவர்கள் போவி, டிக் என்ற இருவர். 1963-இல் அது வெளியானது. வேக்கம் இல்லாத ஆட்டோகிளேவுக்கு இது பொருந்தாது.

தினமும் காலையில் முதல் லோடுக்கு முன்னால் போட வேண்டும். முதலில் மெஷினை வெறுமனே ஒருமுறை ஓட்டிச் சூடாக்குங்கள். அப்புறம் டெஸ்ட் பேக்கை, அதாவது நீராவி பட்டால் நிறம் மாறும் தாளை நடுவில் வைத்த கட்டை, கீழ்த்தட்டில், கதவுப் பக்கம், டிரெயின் துளைக்கு மேலே வையுங்கள். கூட வேறு எதுவும் இருக்கக் கூடாது. மற்ற மூட்டைகள் இருந்தால் மிச்சக் காற்று அவற்றுக்குள்ளும் பிரிந்துபோய், கோளாறு தெரியாமல் மறைந்துவிடும்.

134 டிகிரி, மூன்றரை நிமிடம். நான்கைத் தாண்டவே கூடாது. நேரம் கூடினால் காற்று தங்கிய இடமும் மெல்லச் சூடேறி, தாள் நிறம் மாறி, பாஸ் என்று ஏமாற்றிவிடும்.

பேக் கொதிக்கும், கையுறை போட்டு எடுங்கள். நடுவில் இருக்கும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த நிறத்துக்கு மாறும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஓரமும் நடுவும் ஒன்றாக மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நடுவில் வெளிறிய திட்டு தெரிந்தால் ஃபெயில். 'லேசாகத்தானே இருக்கிறது' என்று விடாதீர்கள். அந்தத் திட்டு இருக்கும் இடத்தில் நாளை ஒருவருடைய வயிற்றுக்குள் வைக்கும் பஞ்சு இருக்கலாம். தாளில் தேதி, மெஷின் எண், உங்கள் பெயர் எழுதி ஃபைலில் வையுங்கள். பாஸ் ஆனாலும் கிருமி செத்ததற்கு இது சான்று இல்லை. அதற்கு, எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் தனியாகப் போட வேண்டும்.

ஃபெயில் ஆனால் லோடு ஏற்றாமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். கதவு கேஸ்கட்டில் நூல் ஒட்டியிருக்கிறதா, வெட்டு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து லீக் டெஸ்ட்: காற்றை உறிஞ்சிவிட்டு, மூடிய அறையில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பது. நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறினால் எங்கோ காற்று புகுகிறது.

லீக் டெஸ்ட் பாஸ் ஆகியும் தாள் வெளிறினால்? எங்களுக்கு அக்னி நட்சத்திர நாட்களில் இப்படி நடந்தது. காலையில் பாஸ். மதியம் கேஸ்கட் மாற்றிவிட்டு மறுபடி போட்டால் ஃபெயில். புது கேஸ்கட் மேல்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் கோளாறு தண்ணீரில். எங்கள் வேக்கம் பம்ப் தண்ணீர் வளையத்தால் உறிஞ்சும் வகை. அதற்குப் போனது மொட்டைமாடி டேங்க் தண்ணீர், கை வைத்தால் சுட்டது. 40 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தமே சுமார் 74 மில்லிபார். அதற்குக் கீழே அந்தப் பம்ப்பால் இழுக்க முடியாது. 25 டிகிரி என்றால் 32 வரை இறங்க வழியுண்டு. பம்ப் லைனை தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்கு மாற்றினோம். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எடுத்த தாள், ஓரத்திலிருந்து நடுவரை ஒரே கருப்பு.