ரம்மிக் கையோடு போக்கர் ஆடினால்

மதுரை வட்டாரத்தில் கல்யாண மண்டபமானாலும் ஊர்த் திண்ணையானாலும் சீட்டுக்கட்டைப் பிரித்தால் ரம்மிதான் என்பதால், போக்கர் பழக வருபவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை பதின்மூன்று சீட்டில் ஊறிய பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெமில் கையில் இரண்டு சீட்டும் நடுவில் பொதுவாக ஐந்து சீட்டும் இருக்க, அந்த ஏழில் சிறந்த ஐந்தே கணக்கு. ஜோக்கர் கிடையாது. ரம்மியின் வரிசை ஒரே இனத்தில் அமைய வேண்டும். அடுத்தடுத்த ஐந்து சீட்டான போக்கரின் ஸ்ட்ரெய்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதை மறந்து, இஸ்பேடும் ஆட்டினும் கலந்த 7, 8, 9, 10, ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றும் சேரவில்லை என்று கவிழ்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய தவறு, ‘சேர்ந்துவிடும்’ என்று காத்திருப்பது. ரம்மியில் வேண்டாத சீட்டை இறக்கி வேறொன்றை எடுக்கலாம். இங்கே வந்த இரண்டு வந்ததுதான். நடுவில் நான்காவது சீட்டும் விழுந்தபின் ஒரே இனத்தில் ஐந்து சேரும் ஃபிளஷ்ஷுக்கு உங்களிடம் நான்கு ஆட்டின் இருந்தால், நீங்கள் காணாத 46 சீட்டுகளில் ஆட்டின் 9 மட்டுமே, அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நடுவில் பந்தயமாக 40 சேர்ந்திருக்க, தொடர்வதற்கு 20 கேட்டால், மூன்றில் ஒரு முறையாவது வென்றால்தான் கட்டுப்படியாகும் என்பதால், அங்கே விலகுவதே சரி.

விலகுவதற்கு ஏன் கை வருவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 101 ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டாலும், அதாவது ஆடாமல் விலகினாலும், 20 புள்ளி தண்டமாக ஏறும். போக்கரிலோ, சீட்டைப் பார்க்கும் முன்பே பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் போட்ட இருவரைத் தவிர மற்றவர்கள் தொடக்கத்திலேயே செலவின்றி விலகலாம். ஆயினும் ஏஸும் 4-உம் வந்தாலே உட்கார்ந்துவிடுகிறார்கள்; நடுவில் இன்னொரு ஏஸ் விழுந்ததும் பூரித்துப்போகும் அவர்களை, ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர், ஏஸ் ஜோடி சமமானாலும் துணைச் சீட்டு பெரிது என்பதால், பெரும்பாலும் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறார். மற்றவர்கள் செய்வதைப் பார்த்தபின் பேசும் கடைசி இடத்துக்காரருக்கு உள்ள வசதியையும் பலர் எண்ணுவதில்லை.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. நேரிலும் பணம் வேண்டாம், புளியங்கொட்டை போதும். ஆனால் கொட்டை தீரத் தீர அள்ளிக்கொள்ள விட்டால் ஒருவரும் விலக மாட்டார்கள். ஆளுக்கு 100 என்று எண்ணிக் கொடுத்து, முதலில் தீர்ப்பவர் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், இரண்டாவது சுற்றிலேயே சீட்டுகள் கவிழத் தொடங்கும்.